நாலாவது சாக்கு

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

சிட்டு எழுதுகிறேன். நான் சௌக்கியம். உன் முழங்கை வலி குறைந்ததா? அண்ணன் நேரத்துக்குச் சாப்பிடுகிறானா? போனில் பேசினால் "என்ன? என்ன?" என்று நீ கத்துவதிலேயே பாதி நேரம் போய்விடுகிறது. கண்ணாடி பொடிக்கும் அந்த மிஷின் உன் காதைத் தின்றுவிட்டது. அதனால் நம் வழக்கப்படியே லாரிக்காரரிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறேன்.

வேலை எனக்குக் கிடைத்துவிட்டது அக்கா! பிரசவ ஆஸ்பத்திரி. பழைய கட்டிடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். வெளிநோயாளிகள் காத்திருக்கும் ஹாலில், நீள பெஞ்சுக்குப் பின்னால், முழுச் சுவரும் கண்ணாடி. உள்ளே விளக்கு. அறுபது பலகை, எல்லாம் நம் உலையில் உருக்கியது. இடித்த கட்டிடத்தின் ஜன்னல் கண்ணாடி முழுவதையும் இந்த லாரியில் ஏற்றியிருக்கிறேன்.

அதோடு நாலு சாக்கும் வருகிறது. ஊசி மருந்துக் குப்பிகள். அங்கே இருக்கும் நர்ஸம்மாக்கள் மூன்று வருஷமாகக் கழுவிக் கழுவிச் சேர்த்து வைத்தவை. எனக்கு வேலை கிடைத்ததே இந்தக் குப்பிகளால்தான். "இங்க பொறந்த குழந்தைகளுக்கும் பெத்தவங்களுக்கும் போட்ட மருந்தோட குப்பி இந்தச் சுவருக்குள்ளயே இருக்கும்" என்று சொன்னேன். டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மற்ற மூன்று டிசைனர்களின் படங்களை அதன் பிறகு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மார்ச் நடுவில் எனக்குப் பலகைகள் வேண்டும். மறுக்காதே.

உன் செல்லத் தங்கை,
சிட்டு


ஜனவரி 19

அன்புத் தங்கைக்கு,

முழங்கை அப்படியேதான் இருக்கிறது. உன் அண்ணன் சாப்பிடுகிறான், உலை மூட்டுகிறான், தூங்குகிறான். பேசுவது மட்டும் கிடையாது. உனக்குச் சளி பிடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மாதத்தில் உனக்கு எப்போதும் பிடிக்கும். வெந்நீர் குடி.

ஜன்னல் கண்ணாடி முதல்தரமான சரக்கு. அறுபது பலகையும் செய்து தருகிறேன். குப்பியை மட்டும் தொட மாட்டேன்.

நீ இந்த உலை வாசலில் தவழ்ந்தவள். உனக்கே நான் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது பார், அதுதான் எரிச்சல். ஜன்னல் கண்ணாடி ஒரு வகை, ஊசி மருந்துக் குப்பி வேறு வகை. சூட்டில் இது விரிகிற அளவு அது விரியாது, ஆறும்போது இது சுருங்குகிற அளவு அது சுருங்காது. இரண்டையும் சேர்த்து உருக்கினால் பலகைக்குள்ளேயே ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு கிடக்கும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாளைக்கும் உடையலாம், நாலு மாதம் கழித்தும் உடையலாம். கீழே பெஞ்சு போட்டிருப்பதாக வேறு எழுதியிருக்கிறாய்.

குப்பிதான் வேண்டும் என்றால் அதைக் கழுவி ஒரு அலமாரியில் அடுக்கி வை. அதுவும் டிசைன்தானே! நாலு சாக்கையும் கொட்டகை மூலையில் வைத்திருக்கிறேன். ஆள் அனுப்பி எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
அக்கா


ஜனவரி 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளிதான், விட்டுவிட்டது.

சரி, நீ சொன்னபடியே இருக்கட்டும். ஜன்னல் கண்ணாடி போதும். சாக்குகள் அங்கேயே இருக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இதோடு அண்ணனுக்குத் தனியாக ஒரு கவர் வைத்திருக்கிறேன். ஒட்டியிருக்கிறது. நீ பிரிக்காதே.

சிட்டு


மார்ச் 14

அன்புத் தங்கைக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுத வேண்டும். உன் அண்ணனுக்குத்தான் ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டால் வயிறு சரியில்லை என்கிறான். வயிற்றைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

அறுபது பலகையும் வருகின்றன. லாரிக்காரர் சொன்ன நாளுக்கு ஒரு நாள் முன்னாலேயே வந்து நின்றுகொண்டு ஹாரன் அடித்தே உயிரை வாங்கிவிட்டார், எனக்கே கேட்டது என்றால் பார்த்துக்கொள். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் வழக்கம்போல் "பார்த்தேன்" சீட்டு ஒட்டி, கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பச்சை கொஞ்சம் தூக்கலாக வந்திருக்கிறது. பழைய ஜன்னலின் பச்சை அப்படி. விளக்குப் போட்டால் குளத்துத் தண்ணீர் மாதிரி இருக்கும். முப்பது வருஷத்தில் இப்படி ஒரு ஈடு நான் எடுத்ததில்லை என்று சொன்னால் உனக்குத் தலைக்கனம் ஏறும். ஏறட்டும்.

அக்கா


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

சௌக்கியமா? எனக்கு நிற்க நேரமில்லை, ஆனால் இப்படி ஒரு சந்தோஷத்தில் நான் இருந்ததே இல்லை.

சுவர் முடிந்துவிட்டது! விளக்கைப் போட்டபோது எலெக்ட்ரீஷியன் ஏணியிலேயே நின்றுவிட்டார், இறங்கவில்லை. இன்றிலிருந்து ஹாலில் நோயாளிகளை உட்கார வைக்கிறார்கள். திறப்பு விழா 24ஆம் தேதி. அழைப்பிதழ் வைத்திருக்கிறேன். பின்பக்கம் என் படமும் சுவரைப் பற்றி நாலு வரியும் போட்டிருக்கிறார்கள். நீ வர வேண்டாம், முழங்கையோடு பஸ்ஸில் அலையாதே. படம் எடுத்து அனுப்புகிறேன்.

சிட்டு


ஏப்ரல் 7

சிட்டுவுக்கு,

நலமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை.

அழைப்பிதழைப் பார்த்தேன். பின்பக்கத்து நாலு வரியில் என் பெயரும் இல்லை, உலையின் பெயரும் இல்லை. அதை விடு, அது எனக்குப் பழகிப்போனது. மூன்றாவது வரியில் என்ன போட்டிருக்கிறது? "இம்மருத்துவமனையின் மருந்துக் குப்பிகள் கலந்து உருவான சுவர்." படித்துவிட்டு, வேலைக்காகத் தங்கச்சி ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பொய்யாக இருந்திருக்கலாமே என்று இப்போது தலையில் அடித்துக்கொள்கிறேன்.

கொட்டகை மூலைக்குப் போனேன். மூன்று சாக்கு நிறைய இருந்தது, நாலாவது சாக்கு மடித்து வைத்திருந்தது. அதற்குப் பின்னால் ஒரு டப்பா நிறைய அலுமினிய மூடி, குப்பிக் கழுத்திலிருந்து உரித்தது. உன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"இது என்னடா?"

கை நீட்டி டப்பாவை மூடப் பார்த்தான்.

"வாயைத் தொறக்கப் போறியா, இல்ல இந்த டப்பாவாலயே மண்டையில போடவா?"

"சின்னவ எழுதியிருந்தா. ஒரு பலகைக்கு ஒரு கைப்பிடி போதும்னா. அரிசி அளவுக்குப் பொடிச்சுதான் போட்டேன். யாருக்கும் தெரியாதுன்னா."

"எந்தப் பலகையிலடா போட்ட?"

"ஞாபகம் இல்ல. நீ சாப்பிடப் போனப்பல்லாம் போட்டேன்."

நான் சாப்பிடப் போனபோதெல்லாம்! அவனை என்ன செய்வது? உன் பேச்சுக்கு அவன் என்றைக்கு மறுத்திருக்கிறான்?

கண்ணுக்கே தெரியாத குப்பித் தூளுக்காகவா இதைச் செய்தாய்? பொடித்த பிறகு நர்ஸம்மாவுக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது. ஒருத்தருக்கும் தெரியாத ஒன்றுக்காக அத்தனை பேரின் முதுகுக்குப் பின்னால் இதை நிறுத்தி வைத்திருக்கிறாயே, உனக்குப் புத்தி இருக்கிறதா?

கேள். இந்த லாரியில் கண்ணாடியின் இழுப்பைக் காட்டும் கறுப்பு பிலிம் இரண்டு கட்டி அனுப்புகிறேன். சின்ன வயதில் இதை வைத்து விளையாடியிருக்கிறாய். சுவருக்குள் விளக்கு எரியட்டும். கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் முன்னால் ஒன்றும் குறுக்கும் நெடுக்குமாகப் பிடித்துப் பார். பலகை இருட்டாகத் தெரிந்தால் நல்லது. புள்ளி புள்ளியாக வெளிச்ச வளையம் தெரிந்தால் உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். பின்னால் கைவிட விளக்குப் பெட்டிக்கு வழி வைத்திருப்பாய். அறுபதையும் பார். பார்க்கிற வரைக்கும் பெஞ்சில் ஒருத்தர் உட்காரக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 13

அக்காவுக்கு,

எல்லோரும் நலம் என்று நம்புகிறேன். அண்ணனைத் திட்டாதே. சொன்னது நான்.

ஏன் செய்தேன் என்று கேட்டாய் அல்லவா, கேட்டுக்கொள். பொய் சொல்லக் கூடாது என்றுதான் செய்தேன். குப்பி இருக்கிறது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன். நர்ஸம்மாக்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு "எங்க குப்பி எந்தப் பக்கம் வருது மேடம்?" என்று கேட்டார்கள். இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டிச் சிரிக்க என்னால் முடியவில்லை. உன்னிடம் கெஞ்சியிருக்கலாம் என்பாய். உன்னிடம் கெஞ்சி எது நடந்திருக்கிறது? நான் எதைக் கொண்டு வந்தாலும் நீ சொல்லும் முதல் வார்த்தை "முடியாது". ஏழு வருஷமாக அந்த உலைக்கு வேலை கொண்டு வருவது யார்? நான் வரைவதை "படம் போடுறா" என்று ஊர் முழுக்கச் சொல்கிறாய். உன் உலை அணையாமல் இருப்பதே அந்தப் படத்தால்தான்.

இன்னொன்று. அறுபது பலகையிலும் "பார்த்தேன்" என்ற உன் சீட்டு இருக்கிறது. செய்து முடித்த ஒவ்வொரு பலகையையும் பிலிம் வைத்துப் பார்த்த பிறகுதான் நீ கையெழுத்துப் போடுவாய், எனக்குத் தெரியாதா? அப்படி ஏதாவது இழுத்திருந்தால் உன் கண்ணில் அப்போதே பட்டிருக்கும். ஆகவே ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்?

இருந்தாலும் உன் திருப்திக்காக நீ அனுப்பிய பிலிமை வைத்து அறுபதையும் பார்த்துவிட்டேன். எல்லாம் இருட்டு. ஒரு வளையமும் இல்லை. இனியாவது நிம்மதியாக இரு.

சிட்டு


ஏப்ரல் 16

ஏய் சிட்டு,

உன் கடிதத்தை லாரிக்காரர் இடது கையால் நீட்டினார். வலது கையில் இன்னொன்று வைத்திருந்தார். நான் அனுப்பிய பிலிம் கட்டு.

"வாட்ச்மேன் கடுதாசிய மட்டும் வாங்கிக்கிட்டாரு, இந்தக் கட்ட வாங்கலம்மா. யார் பேருக்குன்னு எழுதலயாம். திருப்பிக் கொண்டாந்துட்டேன்" என்றார்.

நான் போட்ட முடிச்சு நான் போட்டபடியே இருந்தது. உன் கடிதத்தைப் பிரித்தேன். "நீ அனுப்பிய பிலிமை வைத்து அறுபதையும் பார்த்துவிட்டேன்." லாரிக்காரர் முன்னாலேயே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "என்னம்மா, ஏதும் கெட்ட சேதியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

யாரிடம் காது குத்துகிறாய்? பொய் சொல்ல மனம் வராமல்தான் குப்பியைப் போட்டேன் என்று ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டு, அதே காகிதத்தின் அடியில் இந்தப் பொய்யை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? பெயர் போய்விடும் என்ற பயம் வந்தால் பிள்ளைத்தாய்ச்சிகள் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டார்களா?

உன் அண்ணனை விட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யச் சொன்னேன். "சுவர் விஷயம்னா டிசைனர் மேடம்கிட்ட பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். எல்லா வழியும் உன்னிடமே வந்து முடிகிறது. நல்ல ஏற்பாடு.

அதே கட்டைத் திரும்ப அனுப்புகிறேன். உன் கையில் கொடுத்து, நீ பிரிப்பதைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று லாரிக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். பார். பார்த்ததை எழுது.

அக்கா


ஏப்ரல் 20

அக்கா,

பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன். லாரிக்காரர் பக்கத்தில் நின்றார், ஒரு பிலிமை அவர்தான் பின்னால் பிடித்தார்.

பதினோரு பலகை. வளையம் என்றால் ஒன்றிரண்டு இல்லை, சல்லடையைத் தூக்கி வெயிலில் பார்ப்பது போல. பதினேழாம் பலகையில் கீழ் மூலையில் நகக்கீறல் அளவுக்கு ஒரு கோடும் விழுந்திருக்கிறது. நான் அதைப் பார்க்கும்போது அதன் கீழே ஒரு பெண் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நிறை மாசம். "கொஞ்சம் எழுந்திருங்க" என்றேன். "ஏங்க, வேற எங்க உக்கார? இடுப்பு வலிக்குது" என்றாள். பெயின்ட் ஈரம் என்று பொய் சொல்லி எழுப்பினேன். பெஞ்சு முழுக்கக் கயிறு கட்டிவிட்டேன். அதற்கு முன் பதினேழு நாள் அவர்கள் எல்லோரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். அதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. விழா முடியட்டும் அக்கா. நாலே நாள்தான் இருக்கிறது. மறுநாளே பதினொன்றையும் சத்தமில்லாமல் மாற்றிவிடுகிறேன். விழா நேரத்தில் மட்டும் கயிற்றை எடுத்தாக வேண்டும். அந்த வாரம் பிரசவித்த எட்டுப் பேர் குழந்தைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுக்கிறார்கள். பத்து நிமிஷம், அதற்கு மேல் இருக்காது. இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே.

நீ வராதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

ஒன்றுக்கு மட்டும் நீ இன்னும் பதில் சொல்லவில்லை. எனக்கே கண்ணில் அறைந்த மாதிரித் தெரிந்த வளையம் உனக்கு எப்படித் தெரியாமல் போனது?

சிட்டு


ஏப்ரல் 24, காலை

மதிப்பிற்குரிய டாக்டரம்மாவுக்கு,

வணக்கம். உங்கள் ஹாலில் இருக்கும் கண்ணாடிச் சுவரைச் செய்தவள் நான். உங்கள் டிசைனர் என் தங்கை. நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா என்று கேட்டுவிட்டு ஆரம்பிப்பதுதான் மரியாதை. இன்று அதற்கு நேரமில்லை, மன்னிக்க வேண்டும். எனக்குக் காது சரியாகக் கேட்காது. நீங்கள் கேட்பது புரியாமல் நான் உளறிவிடக் கூடாது என்று பஸ்ஸிலேயே இதை எழுதினேன். உங்கள் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே நிற்கிறேன்.

அந்தப் பெஞ்சில் இன்று யாரும் உட்காரக் கூடாது. குழந்தைகளை அந்தப் பக்கம் கொண்டு வரவே கூடாது. சேரக் கூடாத இரண்டு கண்ணாடி சேர்ந்த பலகைகள் அதில் இருக்கின்றன. பதினொன்று என்று என் தங்கை கண்டிருக்கிறாள். நீங்கள் அறுபதையும் கழற்றுங்கள்.

குப்பியைப் போடச் சொன்னவள் அவள். போட்டவன் என் தம்பி. ஆனால் அது உங்கள் வாசலுக்கு வந்தது என் கையெழுத்தால். ஒவ்வொரு பலகையின் பின்னாலும் "பார்த்தேன்" என்று சீட்டு இருக்கிறது. நான் பார்க்கவில்லை. லாரி ஒரு நாள் முந்தி வந்துவிட்டது. என் உலை, என் கண்ணாடி, இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்ற திமிரில் சமையலறை மேஜையில் உட்கார்ந்து அறுபது சீட்டிலும் ஒரே மூச்சில் கையெழுத்துப் போட்டேன். டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டேன்.

பார்க்காமலே பார்த்தேன் என்று என் தங்கை எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவளைக் கிழி கிழி என்று கிழித்தேன். அதற்கு ஒரு மாதம் முன்பே அதே பொய்யை அறுபது தடவை எழுதியவள் நான். அவள் இரண்டு தடவை கேட்டும் பதில் சொல்லவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன். அவளும் பக்கத்தில் நின்று படிக்கட்டும்.

இப்படிக்கு,
உலைக்காரி


ஜூன் 11

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவில்லை. நீ நன்றாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு இன்னும் எனக்கு வரவில்லை.

நீ எதிரிலேயே நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, சொன்னபடியே தூண் மாதிரி நின்றாய். வந்திருந்த இருநூறு பேரும் பார்க்க டாக்டரம்மா கடிதத்தை என்னிடம் நீட்டினார். "இது உண்மையாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையோடு ஏழு வருஷம் சேர்த்த பெயர் போயிற்று. கையில் இருந்த இரண்டு வேலையும் அந்த வாரமே போயின. உன் மேல் எனக்கு எவ்வளவு கோபம் என்று எழுத உட்கார்ந்து நாலு தடவை கிழித்துப் போட்டேன். குற்றத்தை நீயும் ஏற்றுக்கொண்டாயே என்று யாராவது சொன்னால் இன்னும் எரிகிறது. நான் கேட்டபோது எனக்கு எழுதியிருந்தால் என்ன? தங்கைக்குச் சொல்ல வாய் வரவில்லை, ஊருக்குச் சொல்ல வந்ததா?

பலகைகளைக் கழற்றியது எப்படி என்று உனக்குத் தெரியாது. நீ அதற்குள் பஸ் ஏறிவிட்டாய். பதினேழாவதை இரண்டு பேர் தூக்கி வெளி வராந்தாவில் சாய்த்து வைத்தார்கள். யாரும் தொடவில்லை. நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது டப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் மேலிருந்து கீழே இரண்டாகப் பிளந்து கிடந்தது. அரிவாள் மாதிரி முனை. அப்போது மணி பதினொன்று ஐந்து. படம் எடுக்க வைத்திருந்த நேரம் பதினொன்று.

போன வாரம் டாக்டரம்மா கூப்பிட்டார். வெறும் சுவர் பிடிக்கவில்லையாம். ஜன்னல் கண்ணாடி மட்டும் வைத்துத் திரும்பச் செய்ய முடியுமா என்று கேட்டார். என்னிடமே கேட்டார் அக்கா. ஏன் என்னிடம் என்று கேட்டேன். "கேட்டப்ப ஆமான்னு சொன்னீங்கல்ல" என்றார்.

செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன். ஒரு நிபந்தனை, உனக்கு. உலை ஏற்றும் அன்றிலிருந்து நான் அங்கே இருப்பேன். ஒவ்வொரு பலகைக்கும் ஒரு பிலிமை நீ பிடி, ஒன்றை நான் பிடிக்கிறேன். உன்னை நான் நம்பவில்லை. என்னையும் நான் நம்பவில்லை.

சிட்டு


ஜூன் 15

சிட்டு,

முதல் தேதி உலை ஏற்றுகிறேன். மூன்று சாக்குக் குப்பியையும் உன் அண்ணனே சுமந்துபோய் லாரியில் ஏற்றிவிட்டான். நர்ஸம்மாக்களிடம் நீயே கொண்டுபோய்க் கொடு.

உனக்கு எழுதாமல் ஊருக்குச் சொன்னது தப்புதான். உன்னிடம் தோற்பதற்குப் பயந்தேன். அதுதான் காரணம், வேறு இல்லை.

வந்ததும் என்னிடம் பேச வேண்டாம். கோபம் இருக்கிற வரைக்கும் இருக்கட்டும், எனக்கும் இன்னும் தீரவில்லை. பலகையை மட்டும் பார்.

அக்கா